தன் கதை, தன் மெட்டு, தன் குரல்

தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலை நெடுக நடந்தால், பூக்கடையோ நகைக்கடையோ சாப்பாட்டுக் கடையோ, ஒலிபெருக்கியில் ஓடுவது பெரும்பாலும் சென்னையில் உருவான சினிமாப் பாட்டுதான். எழுதியவர் ஒருவர், மெட்டுப் போட்டவர் ஒருவர், பாடியவர் மற்றொருவர், திரையில் வாயசைத்தவர் வேறொருவர். அதிலுள்ள காதலும் கண்ணீரும் யாருடையவை என்று நாம் கேட்பதில்லை. அவை கதாபாத்திரத்துக்குச் சொந்தம். தன் வாழ்க்கையைத் தானே எழுதி, மெட்டமைத்து, பாடுகிறவரின் குரல் இந்தச் சத்தத்துக்கு நடுவே எளிதில் கேட்பதில்லை. ஆனால் சிங்கப்பூரின் ஆங்கிலப் பாடல்களில் இந்த மரபுக்கு ஐம்பது வயது ஆகிவிட்டது. சீனமொழியில் நாற்பதைத் தாண்டிவிட்டது. அங்கே அது எப்படி வேரூன்றியது, தமிழில் ஏன் தயங்கி நின்றது?

டிக் லீயின் மூன்று கட்டங்கள்

1956இல், சீன-மலாய்ப் பண்பாடு கலந்த பெரனாக்கான் குடும்பத்தில் பிறந்த சிங்கப்பூர்ப் பாடகர் டிக் லீ, பதின்ம வயதைக் கடப்பதற்குள் 1974இல் ‘லைஃப் ஸ்டோரி’ என்ற முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார். மேற்கில் அது தன்வாழ்வைப் பாடுவோரின் காலம். பாடகி ஜோனி மிட்செலின் ‘புளூ’ தொகுப்பு வந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த அலையில் எழுந்த ஓர் இளைஞன் தன் ஊரின் பேச்சைப் பாட்டில் வைத்தபோதுதான் சிக்கல் வந்தது. ‘ஃப்ரைட் ரைஸ் பாரடைஸ்’ பாட்டை வானொலியில் ஒலிபரப்பத் தடை விழுந்தது. அரசியலும் இல்லை, ஆபாசமும் இல்லை. பாட்டில் உள்ளூர்ப் பேச்சு ஆங்கிலமான சிங்கிலிஷ் இருந்தது, அவ்வளவுதான்.

1989இல் வந்த ‘தி மேட் சைனாமேன்’ அவருடைய இரண்டாவது கட்டம். சீன முகம், ஆங்கிலக் கல்வி, மலாய் கலந்த வீட்டுச் சூழல் ஆகியவற்றில் தான் எதைச் சேர்ந்தவன் என்ற குழப்பத்தையே அவர் பாடுபொருளாக்கினார். ‘ராசா சாயாங்’ போன்ற பழகிய மெட்டுகளும் ராப்பும் ஒரே தொகுப்பில் உட்கார்ந்தன. முன்பு குறையாகப் பார்க்கப்பட்ட கலப்புமொழி இங்கே கலைஞனின் அடையாளமானது. ஜப்பானில் அவருக்கு வாசல் திறந்ததும் இதன் பிறகுதான்.

மூன்றாவது கட்டம் 1998. தேசிய தினத்துக்காக அவர் எழுதி, கிட் சான் பாடிய ‘ஹோம்’ பாட்டில் சாதனைப் பட்டியலோ முழக்கமோ இல்லை. மனம் சோர்ந்த ஒரு தனிமனிதன் தன் ஊரின் தெருக்களையும் ஆற்றையும் நினைத்துக்கொள்கிறான். தன்வாழ்வைப் பாடி வளர்ந்த ஒருவர் தேசியப் பாட்டுக்குக் கொடுத்த கொடை இது. எந்த ஊடகம் அவர் பேச்சைத் திருத்த நினைத்ததோ, அதுவே பின்னர் அவருடைய அந்தரங்கத் தொனியை ஊரின் பொதுக்குரலாக ஏற்றுக்கொண்டது.

மூடிய பள்ளிகளிலிருந்து எழுந்த பாட்டு

சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் இருக்கிறது பிராஸ் பாசா வளாகம். சீனப் புத்தகக் கடைகளுக்குப் பேர்போன அந்த இடத்தில் 2014இல் நடந்த ஒரு சின்யாவ் இசைநிகழ்ச்சிக்கு மாடித் தாழ்வாரங்களில்கூட மக்கள் நெருக்கியடித்து நின்றார்கள். சின்யாவ் என்பது 1980களில் பள்ளி, தொடக்கக்கல்லூரி மாணவர்கள் கிட்டாரோடு உட்கார்ந்து மாண்டரினில் தாங்களே எழுதிப் பாடிய பாடல்கள். அதன் பின்னணியில் ஓர் இழப்பு இருக்கிறது. சீனவழிக் கல்வி தந்த நன்யாங் பல்கலைக்கழகம் 1980இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு மறைந்தது. 1987க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழியானது. சீனவழிக் கல்வியின் கடைசித் தலைமுறை தன் நட்பையும் தேர்வுக் கவலையையும் பாட்டில் பதிந்து வைத்துவிட்டுப் போனது.

அவர்களில் தலையானவர் லியாங் வெர்ன் ஃபூக். 1964இல் பிறந்த இவர் கவிஞர், கட்டுரையாளர், சீன இலக்கிய ஆய்வாளரும்கூட. மாணவப் பருவத்து நட்பைப் பாடத் தொடங்கிய அவர், 1990இல் ‘சிங்கப்பூர் பை’ பாட்டில் தன் வளர்ச்சியையும் நாட்டின் வளர்ச்சியையும் ஒரே நூலில் கோத்தார்.  அதே ஆண்டில் அவருடைய மற்றொரு பாட்டுக்கு ஒலிபரப்புத் தடை வந்தது. அதில் கேண்டனீஸ் வரிகள் இருந்தன. 1979இல் தொடங்கிய ‘மாண்டரின் பேசுவோம்’ இயக்கத்துக்கு வீட்டுப் பேச்சு இடைஞ்சலாகத் தெரிந்த காலம் அது. தடை நீங்கியது 2013இல். இடையில், 2010இல், அரசே அவருக்குக் கலாசாரப் பதக்கம் அளித்திருந்தது.

டிக் லீ, லியாங் இருவர் வாழ்விலும் ஒன்று பொது. வீட்டில் பேசும் மொழிக்கும் மேடையில் அனுமதிக்கப்பட்ட மொழிக்கும் இடையே இருந்த விரிசலில்தான் அவர்களுடைய நல்ல பாடல்கள் முளைத்தன.

தமிழில் ஏன் ஒரு சின்யாவ் இல்லை?

பள்ளியை இழந்தது நமக்கும் நேர்ந்ததுதான். சிங்கப்பூரின் கடைசித் தமிழ்வழிப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. சீன மாணவர்கள் கிட்டாரை எடுத்த அதே ஆண்டுகள்தான். இழப்பு ஒன்றுபோல இருந்தும் விளைவு வேறானது. மக்கள்தொகை சிறியது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் முன்மாதிரி. சீன மாணவர்களுக்குத் தைவானின் கல்லூரி நாட்டுப்பாடல் அலை, ‘நீயே எழுது’ என்று காட்டிக்கொடுத்தது. நமக்குச் சென்னையிலிருந்து வந்ததோ இளையராஜா உச்சத்தில் இருந்த காலத்துச் சினிமாப் பாட்டு. அது அவ்வளவு நிறைவாக இருந்ததால் சொந்தமாக எழுத வேண்டிய தேவையே தோன்றவில்லை.

இன்னும் பின்னோக்கிப் போனால், அகப்பாடலில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. உணர்வு எல்லோருக்கும் பொது. ஆள் மறைந்திருக்க வேண்டும். சினிமாப் பாட்டு இந்த விதியின் வாரிசு. ஆனால் பக்தி மரபு எதிர்த்திசையில் நடந்தது. மாணிக்கவாசகர் தன் குற்றங்களைத் தானே எண்ணி அழுதார். சம்பந்தர், பதிகத்தின் இறுதிப் பாட்டான திருக்கடைக்காப்பில் தன் பெயரையும் ஊரையும் சொல்லி முடித்தார். ஆக, தன்வாழ்வுப் பாட்டு நமக்கு இறக்குமதிச் சரக்கு அல்ல.

பெயர் சொல்லிப் பாடுபவர்கள்

அந்த இரண்டாவது மரபை இன்று எடுத்து நடத்துபவர்கள் ராப் கலைஞர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. மலேசியாவின் யோகி பியும் நட்சத்ராவும் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு இதில் திருப்புமுனை. சிங்கப்பூரின் லேடி கேஷ், 2010இல் ‘எந்திரன்’ படப் பாட்டில் தன் ராப்போடு நுழைந்தார். பாட்டுக்குள் தன் பெயரை முழங்கும் ராப் வழக்கம், திருக்கடைக்காப்புக்கு வெகுதூரத்து உறவு.

சிங்கப்பூர்த் தொலைக்காட்சியின் ‘வசந்தம் ஸ்டார்’ பாட்டுப் போட்டியில் 2005இல் வென்ற ஷபீரின் பாதை வேறு. 1960களில் ச. ஜேசுதாசன் இயற்றிய ‘முன்னேறு வாலிபா’வுக்குப் பிறகு தேசிய தினத் தமிழ்ப்பாட்டு என்றதும் நினைவுக்கு வருவது ஷபீர் 2012இல் தந்த ‘சிங்கை நாடு’. 2019இல் ‘சகா’ படத்துக்கு அவர் இசையமைத்த ‘யாயும்’, குறுந்தொகையின் 40ஆம் பாட்டைத் தொட்டு எழுந்து தமிழகத்திலும் பரவியது. அந்தக் குறுந்தொகைப் பாட்டை எழுதியவரின் இயற்பெயர் யாருக்கும் தெரியாது. அவருடைய உவமையே அவருக்குப் பெயராயிற்று. சிங்கப்பூர்த் தமிழ்க் கலைஞரான ஷபீர் பெரிதாக வெளியே தெரிந்த இரண்டு தருணங்களில் ஒன்று நாட்டுக்காகப் பாடியது, மற்றது ஆள் மறையும் அகமரபில் நின்றது. தனிமனிதக் குரல் இரண்டுக்கும் நடுவில் காத்திருக்கிறது.

ஒரு கலைஞரின் செல்வாக்கை அவரைப் போலப் பாடுவோரின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது வழக்கம். டிக் லீயும் லியாங்கும் விட்டுச்சென்றது வேறு. அவர்களுக்குப் பின் வந்தவர்கள் வீட்டுப் பேச்சைப் பாட்டில் வைக்க யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை. தமிழுக்கு இங்கே அதிகாரத்துவ மொழி என்ற காப்பு உண்டு. நம் பேச்சுத்தமிழுக்குத் தடை போட்டவர் யாரும் இல்லை. 2005இன் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பின் பள்ளியே பேச்சுத்தமிழை வகுப்பறைக்குள் அழைத்துக்கொண்டது. எனவே, சாக்குச் சொல்ல நமக்கு வழியில்லை. ஆங்கிலமும் மலாயும் கலந்து அடுக்குமாடி வீட்டில் புழங்கும் தமிழில் ஒருவர் தன் கதையைப் பாடினால், ‘எந்தப் படப் பாட்டு?’ என்று கேட்காமல் உட்கார்ந்து கேட்பதும், கவிதைத் தொகுப்புக்கு எழுதுவதுபோல அதற்கும் விமர்சனம் எழுதுவதும் நம் வேலை.