பெயரும் குரலும்: அறிவு, லீனா மணிமேகலை ஆகியோரின் படைப்புப் பயணத்தில் 'சுயாதீனம்'

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ச் சூழலில் 'சுயாதீனக் கலைஞர்' என்னும் தொடர் பெரும்பாலும் முதலீட்டை அடிப்படையாகக் கொண்டே பொருள்கொள்ளப்படுகிறது. பெரு நிறுவனங்களைச் சாராமல் தாமே பொருள் திரட்டிப் படைப்பவர் சுயாதீனர் என்பது பொதுவான கருத்து. இவ்வரையறை போதுமானதன்று என இக்கட்டுரை வாதிடுகிறது. பாடலாசிரியரும் பாடகருமான அறிவு, கவிஞரும் திரைப்பட இயக்குநருமான லீனா மணிமேகலை ஆகிய இருவரின் படைப்புகளை ஒப்பிட்டு, ஒரு படைப்பின்மீது யாருடைய பெயர் எவ்விடத்தில் நிற்கிறது என்பதே சுயாதீனத்தின் உரைகல் என்னும் முடிவை இது முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: சுயாதீன இசை, சுயாதீனத் திரைப்படம், ஒப்பாரி, நாட்டார் தெய்வம், படைப்புரிமை, பெயர்.

முன்னுரை

சங்கப் பாடல்களைத் தொகுத்தோர் சில பாடல்களின் ஆசிரியர் பெயரை அறியவில்லை. ஆயினும் அப்பாடல்களுள் பலவற்றைப் பெயரின்றி விடவும் அவர்களுக்கு மனம் வரவில்லை. பாடலில் அமைந்த சிறந்த தொடரையே பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்பது போன்ற பெயர்களைச் சூட்டினர். படைத்தவரின் பெயர் அழிந்தபோதும் படைப்பாளர் ஒருவர் இருந்தார் என்னும் செய்தி அழியலாகாது என்ற அக்கறையை இதில் காணலாம்.

எழுத்திலக்கிய மரபுக்குக் கிடைத்த இந்த அக்கறை வாய்மொழி மரபுக்குக் கிடைக்கவில்லை. புறநானூற்றில் கையறுநிலை பாடிய புலவரின் பெயர் பாடலின் அடியில் நிற்கிறது. இறந்தவர் வீட்டில் மாரடித்து ஒப்பாரி பாடும் பெண்ணின் பெயர் எங்கும் நிற்பதில்லை. நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' நூலில் பாடல்களின் அடியில் 'சேகரித்தவர்', 'உதவியவர்' போன்ற குறிப்புகள் காணப்படுகின்றன. இது நன்றியுணர்வும் ஆய்வு நேர்மையும் கொண்ட வழக்கமே. எனினும் பாடல் யாருடையது என்னும் வினாவுக்கு அச்சொற்கள் விடை தருவதில்லை.

இவ்வினா இன்று புதிய வடிவில் திரும்பி வந்துள்ளது. ஒப்பாரியும் தெய்வக் கதையும் இணையத்திலும் திரைப்பட விழாக்களிலும் உலவும் காலத்தில், அவற்றைக் கொண்டு சென்ற இரு கலைஞர்களின் பயணத்தை அவ்வினாவின் வழியே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறிவு: கூட்டுக்குரலிலிருந்து தன் குரலுக்கு

அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு, பொறியியல் பயின்றவர். கவிதையிலிருந்து சொல்லிசைக்கு வந்தவர். இயக்குநர் பா. இரஞ்சித், இசைக்கலைஞர் டென்மா ஆகியோரின் முன்முயற்சியில் உருவான 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் வழியே அவர் பரவலாக அறியப்பட்டார். அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்னும் கருத்தை அடியொற்றிப் பெயர்பெற்ற இக்குழு, 2018 சனவரியில் சென்னையில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. கானா, சொல்லிசை, ராக் ஆகியவை ஒரே மேடையில் ஒலித்த அந்நிகழ்வு, சாவு வீட்டுக்கு உரியதென ஒதுக்கப்பட்ட இசைக்கு அரங்க மதிப்பை ஈட்டித் தந்தது.

2019-இல் இசைக்கலைஞர் ஆஃப்ரோவுடன் இணைந்து அறிவு வெளியிட்ட 'தெருக்குரல்' தொகுப்பு, குழுவின் குரலிலிருந்து தனிக்குரல் பிரிந்த இடமாகும். தலைப்பே கவனத்திற்குரியது. திருக்குறளின் ஓசையை நினைவூட்டிக்கொண்டே, எழுத்து மரபின் உச்சத்திற்கு எதிரில் தெருவின் வாய்மொழியை நிறுத்துகிறது அது. அதே கலைஞர் பெருவணிகத் திரைப்படங்களுக்கும் எழுதினார், பாடினார். 2021-இல் வெளிவந்த 'மாஸ்டர்' படத்தின் 'வாத்தி ரெய்டு' அதற்கு எடுத்துக்காட்டு. முதலீட்டை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் 'தெருக்குரல்' எழுதியவர் சுயாதீனர். 'வாத்தி ரெய்டு' எழுதியவர் சுயாதீனர் அல்லர். ஒரே மனிதரை இவ்வாறு இரண்டாகப் பிளக்கும் வரையறையில் குறை இருத்தல் வேண்டும்.

'எஞ்சாய் எஞ்சாமி': ஒரு பாடல், பல பெயர்கள்

2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' இக்குறையை வெளிச்சமிட்டது. இப்பாடலின் ஊற்றுக்கண் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, நிலமற்றவராகத் தமிழகம் திரும்பிய பெருந்திரளில் அவரும் ஒருவர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். 1964-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என எண்ணிக்கையாக அவர்களைப் பங்கிட்டது. எண்ணாக மட்டும் ஆவணத்தில் நின்ற மக்களுள் ஒருவரைப் பெயரும் முகமும் உடையவராகப் பொதுவெளியில் நிறுத்தியதே இப்பாடலின் முதன்மையான சாதனை எனலாம்.

'எஞ்சாமி' என்னும் விளி இருபொருள் தருவது. பண்ணையாரை நோக்கிக் கூலித்தொழிலாளி 'சாமி' என்பார். அதே சொல்லால் பாட்டி தன் பேரனைக் கொஞ்சுவார். அடிமைத்தனத்தின் சொல்லும் அன்பின் சொல்லும் ஒன்றாக அமைந்த மொழிநிலையைத் தலைப்பிலேயே நிறுத்தியது பாடலாசிரியரின் தேர்ச்சியைக் காட்டுகிறது.

ஆயின், இப்பாடலின் அதிகாரப்பூர்வ வெளியீட்டுத் தலைப்பில் பாடகர் தீயின் பெயர் முதலிலும், உடன் பங்கேற்பவராக அறிவின் பெயர் அடுத்தும், தயாரித்தவராகச் சந்தோஷ் நாராயணனின் பெயர் இறுதியிலும் அமைந்தன. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற, அறிவு இடம்பெறாதது கண்டனத்திற்கு உள்ளானது. பின்னர் அறிவின் படத்துடன் இணைய அட்டை ஒன்று வெளியிடப்பட்டது. 2022 சூலையில் சென்னையில் நடைபெற்ற செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் பாடல் நிகழ்த்தப்பட்டது. அதன்பின் அறிவு, பாடலைத் தாமே இயற்றி, எழுதி, பாடியதாகப் பொதுவெளியில் எழுதினார். சந்தோஷ் நாராயணன், ஆக்கத்தில் மூவருக்கும் இருந்த பங்கை விளக்கி, வருவாயும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார். 2024 மார்ச்சில், அப்பாடலால் தங்களுக்கு வருவாய் ஏதும் வரவில்லை என்றும் அவரே அறிவித்தார்.

இச்சர்ச்சையில் யார் கூற்று சரி என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் பணியன்று. மெட்டு எங்கே முடிகிறது, இசையமைப்பு எங்கே தொடங்குகிறது என்பது கூட்டாக இசை ஆக்குவோர் அனைவரும் எதிர்கொள்ளும் வினா. ஆய்வுக்குரிய செய்தி வேறு. இப்பாடல் திரைப்படம் சாராதது. 'சுயாதீன இசை' என்றே கொண்டாடப்பட்டது. ஆயினும் அதன் பெயர்ப்பட்டியல் திரையிசையின் அடுக்குமுறையிலிருந்து முழுமையாக விடுபடவில்லை. சொல்லையும் வரலாற்றையும் தந்தவர் 'உடன் பங்கேற்பவர்' ஆனார். 'உதவியவர்' என்னும் பழைய குறிப்பு இங்கு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை.

2024-இல் அறிவு வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. தம் இயற்பெயரைத் தலைப்பில் பெரிதாக்காமல், பாட்டியின் பெயரால் தம்மை அடையாளப்படுத்திக்கொள்கிறார் அவர். தந்தை பெயரையும் சாதிப் பெயரையும் முன்னொட்டாகவும் பின்னொட்டாகவும் கொண்ட சமூகத்தில், கூலிப் பெண் ஒருவரின் பெயரை மரபுரிமையாக ஏற்பது பெயரியல் நோக்கில் புதிய செயலாகும்.

லீனா மணிமேகலை: காட்சிக்கான போராட்டம்

விருதுநகர் மாவட்டத்தின் மகாராஜபுரத்தைச் சேர்ந்த லீனா மணிமேகலை, 'ஒற்றையிலையென', 'உலகின் அழகிய முதல் பெண்' முதலிய கவிதைத் தொகுப்புகளால் அறியப்பட்டவர். அவருடைய முதல் ஆவணப்படமான 'மாத்தம்மா', அரக்கோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் அருந்ததியர் சமூகப் பெண்குழந்தைகள் தெய்வத்திற்கு நேர்ந்துவிடப்படுவதைப் பற்றியது. தெய்வத்தின் பெயரால் பெண் உடல்மீது நிகழும் வன்முறை என்னும் பொருள், அவருடைய பிற்காலப் புனைகதைப் படத்திலும் தொடர்கிறது.

தனுஷ்கோடி மீனவர்களையும் ஈழ அகதிகளையும் பற்றிய 'செங்கடல்' (2011) அவருடைய முதல் முழுநீளக் கதைப்படம். எழுத்தாளர் ஷோபாசக்தி எழுத்தில் பங்கேற்றதோடு நடித்தும் உள்ளார். மீனவர்கள் தம் வாழ்வைத் தாமே நடித்தனர். இயக்குநர், மணிமேகலை என்னும் பெயரிலேயே படமெடுக்க வந்தவராகத் திரையில் தோன்றுகிறார். தணிக்கை வாரியம் இப்படத்திற்குச் சான்றிதழ் மறுத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகிய பின்னரே அது கிடைத்தது. அத்தீர்ப்பாயம் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டதால், இன்று அத்தகைய இயக்குநர் உயர் நீதிமன்றத்தையே நாட வேண்டும். வழக்காடும் செலவு தாங்கக்கூடிய தயாரிப்பாளருக்கும் கூட்டுநிதியில் படமெடுப்பவருக்கும் இம்மாற்றம் ஒரே பொருளுடையதன்று.

இங்கு அறிவின் நிலைக்கு நேர்மாறான நிலையைக் காண்கிறோம். லீனாவின் படங்களில் படைப்பாளரின் பெயர் குறித்து ஐயமே எழுவதில்லை. மறுக்கப்படுவது பார்வையாளர். அறிவுக்கோ கோடிக்கணக்கான கேட்பவர்கள் கிடைத்தனர்; பெயரே சர்ச்சைக்குள்ளானது.

'மாடத்தி'யும் பெயர் மறைவும்

2019-இல் பூசான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட 'மாடத்தி', புதிரை வண்ணார் சமூகத்தைப் பற்றியது. தலித் மக்களின் துணிகளை வெளுக்கும் இச்சமூகத்தினர் பிறர் கண்ணில் படுவதே தீட்டெனக் கருதப்பட்டது. அத்தகைய குடும்பத்தின் பதின்பருவப் பெண் யோசனா (அஜ்மினா காசிம்) ஊர்த் திருவிழாவின்போது ஆண்களின் கூட்டு வன்முறைக்கு இரையாகி மாடத்தி என்னும் தெய்வமாகிறாள். தாய் வேணியாகச் செம்மலர் அன்னம் நடித்துள்ளார்.

கொலையுண்டவர் தெய்வமாதல் தென்தமிழக நாட்டார் சமயத்தின் பழைய மரபு. முத்துப்பட்டன் கதை முதலான கதைப்பாடல்கள் அதற்குச் சான்று. ஆயின் அம்மரபில் ஓர் ஏமாற்று உள்ளது. கொன்றவர்களின் வழியினரே கொலையுண்டவரை வணங்குவதன் மூலம் குற்றம் வழிபாடாக மாறி ஆறிவிடுகிறது. 'மாடத்தி' இந்த ஆறுதலைத் தர மறுக்கிறது. புதுமணத் தம்பதியர் கோயிலுக்குச் செல்லும் வழியில் மணப்பெண்ணுக்கு மாதவிலக்கு ஏற்பட, துணி தேடி ஒதுங்கும் குடிசையில் சிறுவன் ஒருவன் தெய்வத்தின் கதையைச் சொல்வதாகப் படம் அமைந்துள்ளது. வழிபடச் செல்பவர் முதலில் கதையைக் கேட்டாக வேண்டும் என்பது இவ்வமைப்பின் உட்பொருள்.

படத்தின் வலிமை இங்கே உள்ளதெனில் அதன் இடர்ப்பாடும் இங்கேயே உள்ளது. காணத்தகாதவள் எனப்பட்ட பெண்ணைக் காட்டுவதற்கு இப்படம் காடு, அருவி, நீர் ஆகியவற்றின் அழகை மிகுதியாகப் பயன்படுத்துகிறது. யோசனாவின் குறும்பும் ஆசையும் உயிர்ப்புடன் பதிவாகின்றன. ஆயினும் அவள் தன் கதையைத் தானே சொல்வதில்லை. இறுதியில் யோசனா என்ற பெயர் மறைந்து மாடத்தி என்ற பெயரே நிலைக்கிறது. தெய்வமாதலை விமர்சிக்கும் படமும் தெய்வத்தின் பெயரையே தலைப்பாகக் கொண்டுள்ளது. இதை இயக்குநரின் பிழை எனக் கொள்வதைவிட, பிறர் வரலாற்றைச் சொல்லும் கலையின் எல்லை எனக் கொள்வதே பொருந்தும். 'செங்கடல்' படத்தில் இயக்குநர் தம்மையும் திரையில் நிறுத்தி இவ்வெல்லையை வெளிப்படையாக்கினார். 'மாடத்தி'யில் அந்த வெளிப்படைத்தன்மை குறைந்துள்ளது.

ஒப்பீடு

அறிவு சொல்வது தம் குடும்பத்தின் வரலாறு. லீனா சொல்வது தாம் பிறக்காத சமூகங்களின் வரலாறு. முன்னவருக்குப் பொருள்மீது ஐயத்திற்கிடமில்லாத உரிமை உண்டு. வெளியீட்டுக் கட்டமைப்பின்மீது கட்டுப்பாடு இல்லை. பின்னவருக்கு ஆக்கத்தின்மீது முழுக் கட்டுப்பாடு உண்டு. பொருள்மீதான உரிமையை ஒவ்வொரு படத்திலும் புதிதாக ஈட்ட வேண்டியுள்ளது. இருவரையும் 'சுயாதீனக் கலைஞர்' என்ற ஒரே சொல்லால் அழைக்கும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. எனவே முதலீடு யாருடையது என்பதோடு, பெயர் எவ்வரிசையில் நிற்கிறது, கதைக்கு உரியவர் எங்கே நிற்கிறார், சென்றடைதலை யார் தடுக்கிறார் ஆகிய மூன்று வினாக்களையும் சேர்த்தே சுயாதீனத்தை மதிப்பிட வேண்டும்.

முடிவுரை

அறிவின் பயணம், பெரும் புகழும் பெயரழிவும் ஒரே வேளையில் நிகழக்கூடும் என்பதை உணர்த்துகிறது. லீனா மணிமேகலையின் பயணம், பெயரைக் காத்துக்கொண்ட கலைஞரும் பிறர் பெயரைக் காப்பதில் தடுமாற நேரும் என்பதை உணர்த்துகிறது. இவ்விரண்டு பாடங்களும் திறனாய்வாளருக்கும் ஆய்வாளருக்கும் உரியவை. களத்தில் ஒப்பாரியைப் பதிவுசெய்து, 'தகவலாளர்: 70 வயதுப் பெண்' என்று பின்னிணைப்பில் எழுதி முடிக்கும் ஆய்வேடுகளும் அதே பெயரழிவில் பங்குகொள்கின்றன. அவர் தகவலாளர் மட்டும் அல்லர், பாடலாசிரியரும் ஆவார். அவர் பெயரை எழுதலாமா என அவரிடமே கேட்பதும், அவர் இசைந்தால் பாடலின் மேலே எழுதுவதும் நம் கைக்கு எட்டிய செயல்கள். பெயர் தெரியாத புலவருக்கும் பெயர் தந்த தொகுப்பு மரபு நம்முடையது. பெயர் தெரிந்தவரின் பெயரை விட்டுவிடுவதற்கு நமக்கு நியாயம் ஏதும் இல்லை.