டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளும் நம் இலக்கியப் பார்வையும்

இலக்கியம் சமுதாயத்தின் கண்ணாடி என்று மேடைதோறும் கூறி வருகிறோம். அக்கண்ணாடியில் யார் முகம் தெரிகிறது, யார் முகம் மறைந்துபோகிறது என்று ஆராய்வதும் திறனாய்வாளன் கடமையாகும். டவுன் சிண்ட்ரோமுடன் பிறக்கும் குழந்தையையும், அறிவு வளர்ச்சி குன்றிய பிற குழந்தைகளையும் நாம் எவ்வாறு எழுதியும் பேசியும் வருகிறோம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பழமையிலிருந்து தொடங்குவோம். புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுரை கூறுமிடத்து, மக்கட்பிறப்பின் குறைகள் எட்டனைப் பட்டியலிடுகிறார். கூனரும் ஊமையரும் செவிடரும் அறிவு மயங்கியோரும் அவற்றுள் அடங்குவர். அப்பிறப்புகளால் பயனில்லை என்பதனை முன்னை அறிஞர் கூற்றாக எடுத்துரைக்கிறார். சங்கச் சான்றோர் வாக்கு என்பதற்காக அதனை மழுப்பி உரை கூற வேண்டுவதில்லை. அக்காலத்து அறிவு அவ்வளவே என்று ஒப்புக்கொண்டு மேலே செல்லலாம்.

ஆயின், இன்றைய நம் பேச்சு அப்பாடலைக் கடந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? ஒரு சாரார், இது முற்பிறப்பு வினை என்பர். கருவுற்றவள் கிரகணத்தைப் பார்த்தாள் என்பர். பழியைத் தாயின் தலையில் ஏற்றுவர். மற்றொரு சாரார், இது தெய்வக் குழந்தை, சூதுவாது அறியாது, எந்நேரமும் சிரித்துக்கொண்டேயிருக்கும் என்பர். முன்னது பழிப்பு, பின்னது புகழ்ச்சி என்று தோன்றும். விளைவோ ஒன்றே. வினைப்பயனுக்கும் பாடம் கற்பிக்க வேண்டாம். தெய்வத்திற்கும் பாடம் கற்பிக்க வேண்டாம். இரு சாராரும் அக்குழந்தையை ஒரு மூலையில் அமர்த்திவிட்டுத் தம் கடமை முடிந்ததென நிறைவடைகின்றனர்.

அறிவியல் கூறுவது வேறு. ஆங்கிலேய மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் 1866இல் இந்நிலையை விவரித்தார். முகச்சாயல் கருதி மங்கோலியரோடு இணைத்து அவர் வழங்கிய பெயர் ஏறத்தாழ நூறாண்டு நிலைத்தது. 1965இல் மங்கோலிய நாடு உலகச் சுகாதார நிறுவனத்திடம் முறையிட்டபின், அந்நிறுவனம் அப்பெயரைக் கைவிட்டது. 1959இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமோன் துர்ப்பேன் ஆகியோர் உண்மைக் காரணத்தை வெளியிட்டனர். மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் இருப்பது இயல்பு. இக்குழந்தைகளிடம் 21ஆம் குரோமோசோம் இரண்டிற்குப் பதிலாக மூன்றாக அமைந்து, மொத்தம் 47 ஆகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளிடம் காணப்படுவது இவ்வமைப்பே. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு மிகுமெனினும், இளந்தாயருக்கும் இக்குழந்தைகள் பிறக்கின்றனர். உணவோ, கிரகணமோ, பெற்றோர் செய்த பிழையோ இதற்குக் காரணமன்று.

இவ்வுண்மைகள் தெரிந்த பின்னரும் நம் படைப்புகள் தயங்குவது ஏன்? 1990இல் மணிரத்னம் இயக்கிய ‘அஞ்சலி’ படத்தைக் கருதுவோம். அதிற் காணும் சிறுமிக்கு டவுன் சிண்ட்ரோம் என்று கூறப்படவில்லை. அறிவு வளர்ச்சி குன்றியவள், நெடுநாள் வாழாத நோயும் உடையவள். குடியிருப்பினர் முதலில் வெறுத்து, பின்னர் அவளை ஏற்றுக்கொள்கின்றனர். அம்மனமாற்றத்தைக் காட்டியது அப்படத்தின் சிறப்பு. ஆனால் ஏற்றுக்கொள்ளப்பட்ட சிறிது காலத்திலேயே அவள் இறந்துவிடுகிறாள். பார்த்தோர் கண்ணீர் சிந்தி வீடு திரும்பினர். அவள் உயிரோடிருந்தால் எந்தப் பள்ளிக்குச் செல்வாள், வளர்ந்தபின் என்ன தொழில் செய்வாள், பெற்றோருக்குப்பின் யாருடன் வாழ்வாள் என்ற வினாக்கள் எழாமலே போயின. சாவு கதைக்கு முடிவு தரலாம். பெற்றோருக்கு வேண்டுவது மறுநாட் காலைக்கு ஒரு வழி.

மேனாட்டு எழுத்து ஒன்றையும் ஒப்பிட்டு நோக்குவோம். ‘செசமி ஸ்ட்ரீட்’ என்னும் சிறுவர் தொலைக்காட்சித் தொடரின் எழுத்தாளர் எமிலி பெர்ல் கிங்ஸ்லி. இவர் மகன் ஜேசன் 1974இல் டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தார். இவன் நடக்கவோ பேசவோ மாட்டான், காப்பகத்தில் விட்டுவிடுங்கள் என்று மருத்துவர் கூறினார். பெற்றோர் வீட்டிற்கே கொண்டுசென்றனர். 1987இல் அத்தாய் எழுதிய ‘வெல்கம் டு ஹாலந்து’ என்ற சிறு கட்டுரை உலகெங்கும் பரவியது. இத்தாலிக்குப் புறப்பட்டவர் ஹாலந்தில் இறங்க நேர்ந்தால் முதலில் ஏமாற்றம் உண்டாகும். நின்று பார்த்தால் அந்நாட்டிற்கும் தனி அழகுண்டு என்பது அதன் கருத்து.

பெற்றோர் துயரை ஆற்றும் ஆற்றல் அக்கட்டுரைக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதிற் பேசுபவர் பயணி ஒருவரே. குழந்தை அங்கே ஒரு நிலப்பரப்பாக நிற்கிறது. நிலம் பேசாது, வளராது. குழந்தையோ பேசவும் வளரவும் செய்கிறது. இக்குறையை நிறைவு செய்தவர் அம்மகனே. 1994இல் ஜேசன், தம்மைப்போன்ற நண்பர் மிட்சல் லெவிட்சுடன் இணைந்து, ‘கவுண்ட் அஸ் இன்’ என்ற நூலை வெளியிட்டார். எங்களையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது அத்தலைப்பின் பொருள். நட்பு, திருமணம், தனித்து வாழ்தல், அரசியல் என யாவற்றையும் இருவரும் அதில் உரையாடுகின்றனர். தாயின் கட்டுரையை விழாக்களிற் படிப்போர், மகனின் நூலையும் உடன் படித்தல் வேண்டும்.

எல்லாக் குழந்தையும் நூலெழுத வேண்டும் என்பது நம் கருத்தன்று. இவர்களின் வளர்ச்சி குழந்தைக்குக் குழந்தை பெரிதும் வேறுபடும். ஏறத்தாழப் பாதிப்பேர் இதயக் குறையுடன் பிறக்கின்றனர். செவித்திறனையும் தைராய்டு சுரப்பையும் தவறாது சோதித்தல் வேண்டும். தசை தளர்ந்திருப்பதால் உட்காருவதும் நடப்பதும் தாமதமாகும். பேச்சு பிந்தும், ஆனால் பேசுவதினும் மிகுதியாகப் புரிந்துகொள்வர். காதாற் கேட்டதைவிடக் கண்ணாற் கண்டதை எளிதிற் பற்றுவதால், படமும் சொல்லட்டையும் சைகையும் பேச்சிற்கு ஏணியாகின்றன. சட்டைப் பித்தானை மாட்டப் பல மாதங்கள் ஆகலாம். அவர்களும் சினப்பர், அடம்பிடிப்பர், பொறாமை கொள்வர். இவற்றைத் திருத்துவதும் வளர்ப்பின் பகுதியே. எந்நேரமும் சிரிக்கும் தெய்வம் என்று எண்ணுவோர், குழந்தை அழும்போது காரணம் தேடமாட்டார்.

மலேசியாவில் 2008இல் மாற்றுத்திறனாளர் சட்டம் இயற்றப்பட்டது. தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றிலும் ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்புகள் நடைபெறுகின்றன. சிங்கப்பூரில் 2019 முதல் கட்டாயக் கல்வி சிறப்புத் தேவையுடைய சிறார்க்கும் விரிவாக்கப்பட்டது. கதவு திறந்திருக்கிறது. உற்றார் என்ன சொல்வரோ என்று அஞ்சும் குடும்பம் அக்கதவை அணுகத் தயங்குகிறது. அவ்வச்சத்தைப் போக்கும் பணியில் எழுத்தாளருக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆதலின் நம் எழுத்தாளரிடம் ஒன்று வேண்டுவோம். அடுத்த சிறுகதையில் இக்குழந்தை வந்தால், அதனைச் சாகடிக்க வேண்டா. கோயில் வாசலில் அமர்த்தவும் வேண்டா. பள்ளிப்பையை மாட்டி, தம்பியோடு சண்டையிட்டு, பிந்திக் கற்று, வளர்ந்து, ஒரு கடையிலோ பட்டறையிலோ வேலை செய்து சம்பளம் வாங்கும் மனிதராக எழுதுக. அத்தகைய கதையைப் படிக்கும் ஒரு தாய், மறுநாள் தன் பிள்ளையின் கைபிடித்துப் பள்ளிக்கு வரக்கூடும்.