பெல்லட்டை நிறுக்கும் தராசு: போர்ட் பிளேர் ஈரத்தில் ஒரு சோதனை

உள்ளங்கையில் அடங்கிவிடும் மின்னணுத் தராசு இது. 50 கிராம் வரை தாங்கும், ஒரு மில்லிகிராம் வித்தியாசத்தையும் திரையில் காட்டும். காற்றைத் தடுக்க ஒரு மூடி, சின்னத் தட்டு, சாமணம், 20 கிராம் எடைக்கல் எல்லாம் பெட்டியிலேயே வருகின்றன. இணையத்தில் 2,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. நகை வேலைக்கென்று விற்கிறார்கள். நான் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கான ஈய பெல்லட்டுகளை (சிறு குண்டுகளை) எடைவாரியாகப் பிரிக்க.

இதே மாதிரித் தராசுகளை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தோட்டாவைத் தாங்களே தயாரித்துக்கொள்பவர்கள் வைத்திருப்பார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை மறுபடி அளவுக்குக் கொண்டுவந்து, தீமூட்டும் புதிய பிரைமர் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை அமர்த்துவது அந்தக் கலை. ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் வித்தியாசமே இருக்கக்கூடாது என்ற பிடிவாதம்தான் அதன் உயிர். அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

நம் நாட்டில் அதற்கு வழி மிகக் குறுகல். ஆயுதச் சட்டம், 1959-இன் 5-ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். வேட்டைக்காவது சுடலாம் என்றால், அதுவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் தடைசெய்யப்பட்டது. அந்தமானில் இதைச் சொல்லும்போது புள்ளிமானின் பேச்சு வராமல் இருக்காது. ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட மான், அடித்துத் தின்னப் பெருவிலங்கு எதுவும் இல்லாததால் தீவுகளில் பெருகி, காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்க்கிறது. ஆனாலும் அதைக் கட்டுப்படுத்துவது வனத்துறையின் வேலை. துப்பாக்கி ஆசை உள்ள தனியாளுக்கு அதில் இடமில்லை, இருக்கவும் கூடாது என்பதே என் எண்ணம்.

மீதி இருப்பது காகித இலக்கு. துளை .177 அங்குலத்துக்கும், ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ரைபிள் 0.53 கிராம் பெல்லட்டை விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது; கணக்குப் போட்டால் 8 ஜூல்கூட வராது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியது இந்த 10 மீட்டர் பிரிவில்தான். பெல்லட் தொழிற்சாலையில் இருந்து முழுமையாக வந்துவிடுகிறது, நாம் சேர்க்க எதுவும் இல்லை. பொறுக்கிப் பிரிக்க மட்டும் இடமிருக்கிறது.

முதலில் தராசு. மேசையில் வைத்து பட்டனை அழுத்தியவுடன் நிறுக்கக் கூடாது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, 20 கிராம் கல்லை வைத்து அளவு சரிசெய்த பிறகே எண்களை நம்பலாம். இதைத் தீவில் கட்டாயம் செய்யவேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தராசு உண்மையில் அளப்பது பூமி இழுக்கும் விசையை. பெய்ஜிங் அட்சரேகையில் சரிசெய்யப்பட்ட தராசைப் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உள்ள போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அப்படியே கொண்டுவந்தால், ஈர்ப்பு ஏறத்தாழ 0.2 சதவீதம் குறைவதால் ஒரு பெல்லட்டுக்கு ஒரு மில்லிகிராம் குறைத்துக் காட்டும். கல்லை வைத்து இங்கேயே சரிசெய்தால் அந்தப் பிழை போய்விடும். பெட்டியில் வந்த கல்லே சரியானதா என்று பார்க்க, அபர்தீன் பஜாரில் ஒரு நகைக்கடையின் முத்திரையிட்ட தராசில் அதை வைத்துப் பார்த்தேன். “என்ன தம்பி, கல்லையே எடை போடுறீங்க?” என்றார் கடைக்காரர். இரண்டும் ஒத்துப்போயின.

பிறகுதான் காற்று. மின்விசிறி சுழலும் அறையில் மூடி இருந்தாலும் கடைசி இலக்கம் நிற்காமல் ஆடுகிறது. மே மாதப் புழுக்கத்தில் விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்வது பெரும் பாடு. விடியற்காலை நல்ல நேரம். மே பிற்பகுதி தொடங்கி ஆண்டு இறுதி வரை இரு பருவமழையும் வந்துபோகும் ஊர் இது. ஈரமும் உப்புக்காற்றும் சேர்ந்து பேட்டரி முனைகளில் பச்சைப் பூச்சு கட்டுகிறது. வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் தராசை வைப்பதுதான் வழி. பெல்லட் டின்னுக்கும் அதே டப்பா, ஏனென்றால் ஈரத்தில் ஈயத்தின் மேல் வெள்ளைத் தூள் படர்கிறது. படர்ந்துவிட்டால் எடையும் பொய், குழலுக்கும் கேடு. இந்தத் தூள் நஞ்சு என்பதால் சாப்பாட்டு மேசையில் இந்த வேலை வேண்டாம். முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவவேண்டும், குழந்தைகளைப் பக்கத்தில் விடவே கூடாது.

எண்களுக்கு வருவோம். நல்ல போட்டி பெல்லட் டின்னில் பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று மூன்று நான்கு மில்லிகிராமுக்குள் அடங்கின. மலிவான பயிற்சி பெல்லட்டில் அந்த இடைவெளி பல மடங்கு. ஒரே பெல்லட்டைத் திரும்பத் திரும்ப வைத்தபோது தராசே ஒரு மில்லிகிராம் முன்னும் பின்னும் போனது. ஆகவே மில்லிகிராம் மில்லிகிராமாகக் குவியல் போடுவதில் பொருளில்லை. மூன்று மில்லிகிராமுக்கு ஒரு குவியல் என்றால் நம்பலாம்.

இதனால் இலக்கில் என்ன மாறும்? 170 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டரைக் கடக்கும்போது சுமார் 17 மில்லிமீட்டர் இறங்குகிறது. எடை ஒரு சதவீதம், அதாவது 5 மில்லிகிராம் கூடினால், அதே ஆற்றலில் வேகம் அரை சதவீதம் குறையும்; இறக்கம் சுமார் 0.17 மில்லிமீட்டர் அதிகமாகும். போட்டிக் கணக்கில் 0.1 புள்ளிக்கு உரிய இடைவெளி 0.25 மில்லிமீட்டர். நல்ல டின்னில் உள்ள எடை வித்தியாசம் அந்தப் பத்தில் ஒரு புள்ளியையே தொடுவதில்லை.

ஆகவே தராசு பயனற்றதா என்று கேட்டால், இல்லை என்பேன். கூட்டத்தோடு சேராத பெல்லட்டை அது உடனே காட்டிக்கொடுக்கிறது. பத்து மில்லிகிராம் விலகி நிற்கும் ஒன்றை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் தயாரிப்பில் குறையோ ஓரத்தில் பிசிறோ இருக்கிறது. அதைத் தொடர் சுடுதலில் விட்டிருந்தால், தவறு என் மூச்சிலா, விரலிலா என்று தெரியாமல் தவித்திருப்பேன். அறுபது குண்டுப் போட்டியில் அந்தச் சந்தேகம் மிகப் பெரிய சுமை.

எடையைவிடக் கூடுதலாகக் கவனிக்கவேண்டியவை இரண்டு. ஒன்று, பாவாடை எனப்படும் பின்பக்க மெல்லிய விளிம்பு. மெத்தை போட்டு அடுக்கிய போட்டி டின் தவிர மற்றவற்றில் கப்பல் பயணக் குலுக்கலில் அது நசுங்கிவிடுகிறது. நசுங்கியதைக் கண்ணாலேயே பொறுக்கலாம், தராசு அதைக் காட்டாது. மற்றொன்று தலை விட்டம்: 4.49, 4.50, 4.51 என்று டின்னில் அச்சிட்டிருப்பார்கள். எந்த அளவு நம் குழலுக்குப் பொருந்துகிறது என்பதை ரைபிளை ஆதாரத்தில் அசையாமல் வைத்து, ஒவ்வொரு அளவையும் சுட்டு, துளைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று பார்த்துத்தான் அறியமுடியும். எனக்குக் கிடைத்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு இந்தச் சோதனையால் வந்தது.

புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு இதை வாங்கச் சொல்லமாட்டேன். அந்தப் பணத்துக்கு வேறு வேறு தலை விட்டத்தில் நல்ல பெல்லட் டின் வாங்கிச் சுட்டுப் பார்க்கட்டும். 600-க்கு மேல் புள்ளி எடுத்து, ஒவ்வொரு பத்தில் ஒன்றுக்காகவும் போராடும் நிலைக்கு வந்தவர்கள் வாங்கலாம். அதைவிட, ஐந்தாறு பேர் சேர்ந்து பயிற்சி செய்யும் இடத்தில் ஒன்று இருந்தால் போதும். ஒரு டின்னைப் பிரிக்க ஒருவருக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது, தினமும் தேவைப்படுவதில்லை. வாங்குவோர் மூடியும் எடைக்கல்லும் சேர்ந்து வரும் தராசை மட்டும் எடுக்கவேண்டும். கல் இல்லாத மலிவுத் தராசு இந்தத் தீவில் எந்த வேலைக்கும் ஆகாது.