பன்ஜார் மொழியை எப்படி அறிமுகப்படுத்தக் கூடாது

போர்னியோ தீவின் தென்கிழக்கில், இந்தோனேசியாவின் தெற்குக் கலிமந்தான் மாகாணத்தில் பேசப்படுவது பன்ஜார் மொழி. தலைப்பைப் பார்த்து லம்பாடி மக்களின் பஞ்சாரா மொழியாக்கும் என்று வந்தவர்கள் மன்னிக்கவும். பெயர் ஒற்றுமையைத் தவிர இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. அது இந்தோ-ஆரியம், இது ஆஸ்திரோனேசியம்.

பன்ஜார் பற்றிக் கிடைக்கிற அறிமுகக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். பெரும்பாலானவை ஒரே அச்சில் இருக்கின்றன. மலாய் அடிப்படை, மேலே ஜாவாச் சொற்கள், கொஞ்சம் தயாக் கலப்பு என்று சமையல் குறிப்பு மாதிரி சொல்லிட்டுப் போயிடறாங்க. தகவல் தப்பில்லை. ஆனால் ஒரு மொழியை 'எங்கிருந்து எது வந்தது' என்று மட்டும் அளந்தால் அந்த மொழியே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது என்பது என் விமர்சனம். மூன்று உதாரணங்கள் சொல்கிறேன்.

1. உயிர் எழுத்துகள்

பன்ஜாரில் இரண்டு பெரிய வட்டார வழக்குகள் உண்டு. மேல் ஆற்றுப் பகுதியில் பேசுவது ஹுலு, பன்ஜர்மாசின் நகரமும் கழிமுகப் பகுதியும் பேசுவது குவாலா. ஹுலுவில் அ, இ, உ என்று மூன்றே உயிரொலிகள்தான். மனிதரைக் குறிக்கும் மலாய்ச் சொல் 'ஓராங்', பன்ஜாரில் 'உராங்'. உடனே இதை 'மலாயின் சிதைவு' என்று எழுதிவிடுகிறார்கள்.

உண்மையில் நிலைமை தலைகீழ். மலாயிக் மொழிகளின் மூலமொழியை மீட்டமைத்த அடெலார், அதில் எ, ஒ ஒலிகள் இல்லை என்கிறார். அப்படியென்றால் இந்த இடத்தில் பழசைக் காப்பாற்றி வைத்திருப்பது பன்ஜார்தான். அதேசமயம் மூலமொழியில் இருந்த மங்கிய உயிரொலியை அது 'அ' ஆக மாற்றிவிட்டது. அரிசிக்கு மலாயில் 'பெராஸ்', பன்ஜாரில் 'பராஸ்'. ஒரு பக்கம் பழமை, இன்னொரு பக்கம் புதுமை. மென்பொருள் பாஷையில் சொன்னால் இது மலாயிலிருந்து எடுத்த ஃபோர்க் இல்லை, இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்த கிளைகள்.

2. கடன் வாங்கிய சொற்கள்

தண்ணீருக்கு 'பன்யு', மீனுக்கு 'இவாக்', கதவுக்கு 'லாவாங்'. எல்லாம் ஜாவா பக்கத்துச் சொற்கள்தான். கறுப்புக்கு 'ஹிராங்'. இன்றைய ஜாவா மொழியில் அது 'இரெங்', முதலில் 'ஹ' கிடையாது. பழைய ஜாவா மொழியில் 'ஹிரெங்'. கடன் கொடுத்தவரிடம் தேய்ந்துபோன ஒலி கடன் வாங்கியவரிடம் பத்திரமாக இருக்கிறது. 'ஜாவா கலப்பு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் இந்த வரலாற்றுத் தடயம் கைநழுவிப் போகும்.

3. நான், நீ, நீங்கள்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சாதாரணமாக நான் 'அகு', நீ 'இகாம்'. பெரியவர்களிடம் பேசும்போது நான் 'உலுன்', நீங்கள் 'பியான்'. நெருங்கிய தோழர்களுக்குள் 'உண்டா', 'ஞாவா'. இதே உரிமைப் பேச்சை வெளியாளிடம் காட்டினால் மரியாதைக் குறைவு. மதிப்புக்குரிய ஒருவரைக் குறிக்க 'சிடின்', நம்ம 'அவர்' மாதிரி.

'உலுன்' எங்கிருந்து வந்தது? பழைய ஜாவாவில் 'ஹுலுன்' என்றால் பணியாள். அப்படிப் பார்த்தால் நம் 'அடியேன்' போன்ற பணிவுச் சொல். பக்கத்திலேயே பேசப்படும் மான்யான் மொழியில் 'உலுன்' என்றால் மனிதர். எந்த வழியாக வந்திருந்தாலும், மாமியாரிடம் எதைச் சொல்ல வேண்டும், கூட்டாளியிடம் எதைச் சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கு பன்ஜார்க்காரர்கள் உண்டாக்கியது. அதைச் சொல்லாத அறிமுகம் அறிமுகமே இல்லை.

நம்மவர்கள் கவனிக்க

இங்கே நமக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. 1968-ல் ஜே. ஜே. ராஸ் பதிப்பித்த 'ஹிகாயத் பன்ஜார்' என்ற அரச வரலாற்று நூலில், நெகாரா டிபா அரசை நிறுவிய அம்பு ஜத்மகா 'கெலிங்' நாட்டு வணிகரின் மகன். மலாய் உலகில் 'கெலிங்' என்பது தென்னிந்தியர்களை, முக்கியமாகத் தமிழர்களைக் குறித்த சொல். போதாதா, 'போர்னியோவில் தமிழன் அமைத்த அரசு' என்று தலைப்புப் போட?

பொறுங்க. ஜாவாவிலேயே கெலிங் என்ற பெயரில் ஊர்கள் உண்டு, ஜெபாரா பக்கம் இன்றும் ஒன்று இருக்கிறது. அந்த நூலும் ஜாவாவின் மஜாபாஹித் அரசவையைத்தான் முன்மாதிரியாக வைத்துப் பேசுகிறது. தமிழ்த் தொடர்பை நிறுவ ஒரு பெயர் போதாது. மொழியைச் சமையல் குறிப்பாக எழுதுகிறவர்களுக்கும், அந்த அரசுக்கு நம் பெயரைச் சூட்டத் துடிக்கிறவர்களுக்கும் ஒரே வியாதிதான்.

இதனால் யாருக்கு நஷ்டம்?

இந்தோனேசியாவின் 2010 கணக்கெடுப்பில் பன்ஜார் மக்கள் சுமார் 41 லட்சம். சுமத்ராவின் தெம்பிலாஹான், மலேசியாவில் பேராக்கின் கெரியான், சிலாங்கூரின் சபாக் பெர்ணம், ஜொகூரின் பத்து பகாட் என்று பரவி வாழ்கிறார்கள். மலேசியாவில் அவர்கள் 'மலாய்க்காரர்' என்ற பெரிய பெட்டிக்குள் போய்விடுகிறார்கள். மலாயின் ஒரு வகைதானே என்ற முத்திரை அங்கே வீட்டு மொழியைக் கைவிட வசதியான காரணமாகிறது. ஆனால் கலிமந்தானில் நடப்பதைப் பாருங்கள். படகுச் சந்தைகளில் பேரம் பேசுவது இந்த மொழியில்தான். பாலங்கராயா போன்ற நகரங்களில் ங்காஜு மக்கள்கூட பொதுமொழியாகப் பன்ஜார் பேசுகிறார்கள். தர்பாங் மேளம் தட்டி நகைச்சுவையாகப் பாடும் 'மடிஹின்' கலைக்கும் இதுதான் மொழி.

கணினித் துறையிலும் இதே கதை. 2022-ல் மெட்டா வெளியிட்ட 200 மொழி மொழிபெயர்ப்பு மாதிரியில் பன்ஜார் அரபு எழுத்தில் ஒன்று, லத்தீன் எழுத்தில் ஒன்று என இரண்டு தடவை இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அதைச் சோதிக்கும் வாக்கியங்கள் ஆங்கில விக்கிச் செய்திகள், பயணக் கட்டுரைகள் போன்றவற்றிலிருந்து மொழிபெயர்த்தவை. ஒரு பேரன் பாட்டியிடம் 'உலுன்' என்று பேசும் பேச்சுக்கு அங்கே இடம் எவ்வளவு? அந்தச் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாதிரி, பாட்டியிடம் 'ஞாவா' போட்டுப் பேசினாலும் மதிப்பெண் குறையப் போவதில்லை.

ஒரு மொழியைப் பற்றி எழுத உட்காரும்போது முதலில் கேட்க வேண்டியது, இதைப் பேசுகிறவர்கள் இதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதுதான். சொல்லின் பூர்வீகம் அதற்கு அப்புறம் வரட்டும்.