சாரங்கியும் அதன் வித்துவான்களும்

வடநாட்டுச் சங்கீதத்தில் மனிதக் குரலுக்கு மிக அணுக்கமான வாத்தியம் எதுவென்று கேட்டால், பெரும்பாலோர் தயங்காமல் சாரங்கி என்றே சொல்வர். அத்தகைய புகழ் வாய்த்த வாத்தியத்தைக் கையில் எடுப்பவர் தொகை சென்ற நூறாண்டுகளில் ஏன் அருகி வந்தது என்பதில்தான் அபிப்பிராய பேதம்.

கற்பதிலுள்ள சிரமமே காரணம் என்பர் சிலர். சிரமம் இருப்பது மெய்தான். ஒரே மரக்கட்டையைக் குடைந்து, வயிற்றுப் பாகத்தை ஆட்டுத்தோலால் மூடி, நரம்பினாலான மூன்று பிரதான தந்திகளையும், அவற்றின் நாதத்துக்கு இசைந்து தாமாகவே அதிரும் முப்பதுக்கு மேற்பட்ட உலோகத் தந்திகளையும் பூட்டிய இவ்வாத்தியத்தில், பிடிலைப் போல விரல் நுனியால் தந்தியை அழுத்தும் வழக்கம் கிடையாது. நகம் தோலிலிருந்து புறப்படும் அந்த நகக்கண்ணைத் தந்தியின் பக்கவாட்டில் ஒட்டி, நழுவவிட்டே ஸ்வரங்களைப் பிடிக்க வேண்டும். விரல் வழுக்குவதற்குப் பவுடர் பூசிக்கொள்வர். பல்லாண்டு சாதகத்தில் நகக்கண் காய்த்துப்போகும். இத்தனை தந்திகளுக்கும் சுருதி கூட்டி முடிப்பதற்குள் சபையோரின் பொறுமை பாதி கரைந்துவிடும். ஆயினும் கடினமான வித்தை என்பதற்காக மட்டும் நம் தேசத்தில் எந்த வித்தையும் அழிந்ததில்லை.

ஹார்மோனியத்தின் வரவைக் குறை சொல்வோரும் உண்டு. அகில இந்திய வானொலி 1940-இல் ஹார்மோனியத்துக்குத் தடை விதித்து, சற்றேறக்குறைய முப்பதாண்டுக் காலம் அதை நிலையத்துக்குள் அனுமதியாதிருந்தபோது, சாரங்கிக்காரர் பலருக்கு அங்கே மாதச் சம்பளம் கிடைத்தது. அந்தச் சலுகையாலும் வாத்தியம் தழைத்தோங்கிவிடவில்லை.

உண்மையான காரணம் மானத்தைப் பற்றியது என்பது என் துணிபு. லக்னோ, காசி, டில்லி முதலிய நகரங்களில் தவாயிஃப் எனப்பட்ட கணிகையர்க்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவரும், அவர்கள் பின்னால் அமர்ந்து வாசித்தவரும் சாரங்கிக்காரரே. சீர்திருத்தக்காரர் அக்கணிகையர் பாடிய கூடங்களை வெறுத்தொதுக்கியபோது, அந்தப் பழி வாத்தியத்தின்மீதும் படிந்தது. கரானா எனப்படும் பாட்டு மரபுகள் பலவற்றின் பாடாந்தரங்களையும் கேட்டுக் கேட்டு மனத்தில் சேமித்திருந்த சாரங்கிக் குடும்பத்தார் பலர், வில்லைக் கீழே வைத்துவிட்டு வாய்ப்பாட்டுக்கு மாறினர். சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் 1937-இல் உயிர்நீத்த அப்துல் கரீம் கான் சாரங்கிக் குடும்பத்தில் தோன்றியவர். இந்தூர் அமீர் கானின் தந்தையார் சாரங்கி வித்துவான். படே குலாம் அலி கானும் தொடக்கத்தில் சாரங்கி வாசித்தவரே. வடநாட்டு வாய்ப்பாட்டு தன் கடனை வாய்விட்டுச் சொன்னதில்லை.

குரலைப் பின்தொடர்வதே தாழ்வைத் தந்தது என்று வாதிப்போர் நம் பிடிலை நோக்குக. அதுவும் பாடகரின் நிழலாகத்தான் செல்கிறது. ஆயினும் பிடில்காரர்க்கு மேடையில் தனியே ராக ஆலாபனை செய்யும் உரிமை உண்டு. தேவதாசியர்க்கு ஆட்டம் பயிற்றிய நட்டுவ மரபில் வந்த வடிவேலுவும் பிடிலைக் கையாண்டார் என்பது உண்மையே. எனினும் முத்துஸ்வாமி தீக்ஷிதரின் சகோதரர் பாலுஸ்வாமி தீக்ஷிதர் மேனாட்டாரிடம் கற்றுக் கொண்டுவந்த அவ்வாத்தியத்துக்கு இங்கே குலமும் இல்லை, குலப்பழியும் இல்லை.

சாரங்கிக் குலத்திலேயே நிலைத்துநின்ற மேதை புந்து கான். மாமன் மம்மன் கானிடம் பயின்று, பிரிவினைக்குப்பின் கராச்சி சென்று, 1955-இல் காலமானார். அவருடைய பெருமை இசைவாணரிடையே பரவிய அளவு பொதுமக்களிடம் பரவவில்லை.

பொதுமக்களை வென்றவர் ராம் நாராயண். உதயபூரை அடுத்த கிராமத்தில் 1927-இல் பிறந்த அவருக்கு, வம்சாவளி கூறும் குரு ஒருவர் விட்டுச்சென்ற சிறு சாரங்கி பாலப் பருவத்தில் கிடைத்தது. தில்ரூபா வாசிக்கும் தந்தையோ, கணிகையரோடு சேர்த்துப் பேசப்பட்ட வாத்தியமாயிற்றே என்று கவலையுற்றார். லாகூர் வானொலியிலும் பம்பாய்ச் சினிமாவிலும் உழைத்த அவர் 1954-இல் பம்பாய் மேடையில் தனியே வாசிக்க அமர்ந்தபோது, பிரபலஸ்தர்களை எதிர்பார்த்திருந்த சபை பொறுமையிழந்தது. 1956-இல் அதே நகரம் அவரை ஏற்றுக்கொண்டது. சாரங்கியைத் தனிக் கச்சேரிக்கு உயர்த்தியவர் சாரங்கிக் குலத்துக்கு வெளியே பிறந்தவர் என்பதும், அவருக்குப்பின் அதை ஏந்தி மேடையேறியவருள் அவர் குமாரத்தி அருணா நாராயண் ஒருவர் என்பதும், அந்தப் பழி எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்குச் சான்று.