இழுவை

அம்பாசடர் வைத்திருப்பவர்கள் வேகத்தைப் பற்றிப் பேசுவதில்லை, இழுவையைப் பற்றித்தான் பேசுவார்கள். கல்யாணச் சாமான், ஏழு பேர் என்று ஏற்றிக்கொண்டு திருமயம் தாண்டி வரும்போது, கியரைக் குறைக்காமல் வண்டி மேடேற வேண்டும். அந்த இழுவை மங்கினால் காரைக்குடியில் கைதேர்ந்த பழைய மெக்கானிக்கிடம்தான் விட வேண்டும். அவர் டியூன் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்குத் தனி ருசி.

புதிதாக அவர் எதையும் மாட்டுவதில்லை. அந்த 1489 சிசி என்ஜினின் பலம் எங்கே வீணாகிறது என்று தேடுகிறார். மொத்தம் எட்டு வால்வு. முதல் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது எட்டாவதற்கு டாப்பெட் இடைவெளி வைப்பார். மூன்றாவது திறந்தால் ஆறாவதற்கு. எப்போதும் கூட்டுத்தொகை ஒன்பது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிளாட்டினம் பாயிண்டுக்கு இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, பிளக்குக்கு 25. ஃபீலர் கேஜின் தகடு உள்ளே லேசாகப் பிடித்து நழுவ வேண்டும். அந்தப் பிடி எவ்வளவு என்பது விரலுக்குத்தான் தெரியும்.

பிறகு காதின் வேலை. ஐடிலில் ஓடவிட்டு, பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். மூன்று சிலிண்டருக்கும் என்ஜின் தள்ளாடும். நாலாவதைக் கழற்றினால் சத்தம் மாறவே இல்லை. "இவன்தான் தம்பி சும்மா உக்காந்திருக்கான்" என்பார்.

கடைசியாக டைமிங். டிஸ்ட்ரிபியூட்டரைத் துளி திருப்பிவிட்டு ரோட்டுக்குக் கொண்டுபோவார். டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால், நாக்கிங் என்னும் மெல்லிய தட்டல் சத்தம் தலைகாட்டி உடனே மறைய வேண்டும். வரவே இல்லையென்றால் இழுவை பாக்கி இருக்கிறது; நீடித்தால் பிஸ்டனுக்கு ஆபத்து. இந்த நூலிழையைப் பிடிப்பதுதான் என்னைப் பொறுத்தவரை டியூனிங்கின் உச்சம்.

செட்டிநாட்டுச் சித்திரை வெயிலுக்குத் தனிக் கவனிப்பு உண்டு. சூட்டில் காற்றின் அடர்த்தி குறையும், கலவையில் பெட்ரோல் மிஞ்சி ரிச் ஆகும். செம்மண் புழுதி ஏர் ஃபில்டரை அடைத்தால் இன்னும் மோசம். பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகி வண்டி நின்றால், பம்பின் மேல் ஈரத்துணி போடுவது எல்லா டிரைவர்களும் அறிந்த வைத்தியம்.

பந்தயத்தில் இதே கலை வேறு உயரத்துக்குப் போனது. கோவை கரிவரதன் மாருதி 800-இன் 796 சிசி என்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி பந்தயக் காரைக் கட்டினார். 1995-இல் விமான விபத்தில் இறந்த அவர் பெயரில்தான் செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஃபார்முலா மாருதியைப் போல எல்லாருக்கும் ஒரே என்ஜின் என்றாகிவிட்டால் டியூனிங்கில் சிறு வித்தியாசம்கூடப் பெரிதாகத் தெரியும்.

இன்றைய கார்களில் லேப்டாப்பைச் சொருகி, என்ஜினை ஆளும் கணினியான இசியூவின் கணக்கை மாற்றுகிறார்கள். அதையும் நான் மதிக்கிறேன். என்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும் நாக் சென்சார் அதே நாக்கிங்கைக் கேட்டு, நொடிக்குள் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுகிறது. மெக்கானிக் ரோட்டில் காதைத் தீட்டிக்கொண்டு தேடியதும் அந்த நாக்கிங்கைத்தான்.