முத்துப்பார்களும் சூழல் மதிப்பீடும்: தூத்துக்குடிக் கடலை அளக்கும் முறை

தூத்துக்குடிக் கடலின் அடித்தளத்தைத் தவறாமல் பார்த்துக் குறித்து வைக்கும் வழக்கம், சூழலியல் என்ற துறை வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. முத்துக்குளிப்பு அரசுக்கு வருமானம். ஆகவே அதற்கென இருந்த அதிகாரிகள், முத்துச்சிப்பி வாழும் கடலடித் திட்டுகளான பார்களுக்குப் படகில் போய், குளியாட்களை இறக்கிச் சிப்பி எடுப்பித்து, அதன் வயதையும் அடர்த்தியையும் பார்த்து, அந்த ஆண்டு குளிப்பு நடத்தலாமா என்று முடிவு செய்தார்கள். நோக்கம் கருவூலம்தான். ஆனாலும் ஒரே இடத்தை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்த பதிவு என்ற வகையில், பின்னால் வந்த பல ஆய்வுகளுக்கு இல்லாத மதிப்பு அதற்கு உண்டு.

அந்தப் பதிவுகள் காட்டும் முதல் செய்தி சங்கடமானது. பார்கள் தாமாகவே வெறுமையாகும். 1928-க்குப் பிறகு இந்தியக் கரையில் அடுத்த முத்துக்குளிப்பு 1955-இல்தான் நடந்தது. அன்று இங்கே அனல் மின்நிலையமும் இல்லை, ஆழ்கடல் துறைமுகமும் இல்லை. நீரோட்டம் இளஞ்சிப்பிகளை வேறு பக்கம் கொண்டுபோகலாம். திருக்கையும் கிளாத்தியும் நட்சத்திர மீனும் தின்று தீர்க்கலாம். சூரன் என்று குளியாட்கள் சொல்லும் சிறு மட்டி பாரெங்கும் படர்ந்து சிப்பியை மூச்சடைக்க வைக்கலாம். ஆய்வாளர்களான ஹெர்ட்மன் இலங்கைப் பக்கத்திலும் ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் பக்கத்திலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகள் இந்தக் காரணங்களை விரிவாகப் பேசின. 1955-இல் தொடங்கிய வரிசை 1961-இல் முடிந்தது. அதன் பிறகு இன்றுவரை முத்துக்குளிப்பு இல்லை.

இந்த நீண்ட இடைவெளியை இயற்கையின் கணக்கில் எழுதுவதா, மனிதனின் கணக்கில் எழுதுவதா? இங்கே மதிப்பீடு செய்ய வருகிறவர் எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. ‘எப்போதும் ஏறி இறங்கும் கடல்தானே’ என்ற வாதம் தொழிற்சாலைகளுக்கு வசதியானது. எல்லாப் பழியையும் தொழிற்சாலைமேல் போடுவது எதிர்த்தரப்புக்கு வசதியானது. இரண்டுக்கும் பதில் சொல்ல நீண்டகாலத் தொடர் அளவீடு வேண்டும்.

அப்படி ஓர் அளவீடு எவ்வளவு தெளிவு தரும் என்பதற்கு மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளே சான்று. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அதற்கு முன்பும் பின்பும் பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டன. பாறை போனதும் அலை நேரே தீவின்மேல் அடித்தது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள விலங்குசல்லித் தீவும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவும் கடலுக்குள் போய்விட்டன. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு வெட்டுவது ஏறத்தாழ நின்றது.

தூத்துக்குடியில் இயங்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் அந்தக் காலத்திலிருந்து உயிர்ப்பவளப் பரப்பை அளந்து வருகிறது. 2005-இல் சுமார் 37 சதவீதமாக இருந்த பரப்பு 2009-இல் 42 சதவீதத்தைத் தாண்டியது. 2010-இன் வெப்பத்தில் பவளங்கள் வெளுத்து மடிந்தன, பரப்பு சரிந்தது. 2016-இன் வெப்பம் அதைவிடக் கொடியது. பரப்பு 23 சதவீத அளவுக்கு இறங்கியது. 2021-இல் 27 சதவீதத்தை ஒட்டி நின்றது. வெட்டுவதை நிறுத்தியதால் கிடைத்த மீட்சியையும் வெப்பத்தால் வந்த இழப்பையும் இந்த வரிசை தனித்தனியாகக் காட்டுகிறது. ஒரே ஓர் ஆண்டின் ஆய்வு இருந்திருந்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்து, எந்தக் கொள்கை பலித்தது என்றே தெரியாமல் போயிருக்கும்.

இந்த அளவீட்டுக்கும் குறை உண்டு. அது தொடங்கியபோதே பாறைகள் பல பத்தாண்டுகள் வெட்டுப்பட்டிருந்தன. ஆகவே 37 சதவீதம் என்பது நலமான நிலையின் அளவு அல்ல. சராசரி என்பது தீவுக் கூட்டங்களுக்கு இடையிலான வேறுபாட்டையும் மறைத்துவிடும். பவளத்துக்குக் கிடைத்த இந்தக் கவனம், இழுவைமடி உழுதுவிட்டுப் போகும் கடற்புல்லுக்கோ முத்துப்பார்களுக்கோ சங்குப்படுகைகளுக்கோ இதே அளவில் கிடைக்கவில்லை.

திட்டங்களுக்காகச் செய்யப்படும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் கதை வேறு. அதன் நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது: 1994-ஆம் ஆண்டு அறிவிக்கைக்கு முன்பு, ஒரு தொழிற்சாலை கடலுக்கு என்ன செய்யும் என்று எழுதிக் கொடுக்க வேண்டிய பொதுவான சட்டக் கட்டாயம் இல்லை. 1979-இல் முதல் அலகு ஓடத் தொடங்கிய தூத்துக்குடி அனல் மின்நிலையம் 1,050 மெகாவாட்டாக வளர்ந்தது அந்தக் காலத்தில்தான். அதன் சூடான நீரும் சாம்பலும் போய்ச் சேர்ந்த ஆழமற்ற கரைக்கடலில், சாம்பல் படிந்தால் மண்ணில் வாழும் உயிர்கள் புதைந்துபோகும். முன்னிலை எப்படி இருந்தது என்ற முறையான பதிவு இல்லாத இடத்தில், இழப்பைப் பின்னால் நிறுவுவது கடினம்.

மதிப்பீட்டின் பெரிய குறை அதன் கால அளவு. ஒரு பருவத்துத் தரவே பொதுவாகப் போதும் என்பது நடைமுறை. இந்தக் கரையிலோ நீரோட்டம் தென்மேற்குப் பருவத்தில் ஒரு திசையிலும் வடகிழக்குப் பருவத்தில் எதிர்த்திசையிலும் ஓடும். வண்டலும் அதற்கேற்ப இடம் மாறும். கரையிலிருந்து கடலுக்குள் சுமார் 4 கிலோமீட்டர் நீளும் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எந்தப் பக்கம் மணலைச் சேர்க்கும், எந்தப் பக்கம் அரிக்கும் என்பதை ஒரு பருவத்தில் தெரிந்துகொள்ள முடியாது.

கப்பல் கால்வாய் வெட்டும் சேது சமுத்திரத் திட்டத்தில் இந்தக் குறை வெளிப்படையாகத் தெரிந்தது. 167 கிலோமீட்டர் கால்வாய்க்கான மதிப்பீட்டைத் தூத்துக்குடித் துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்காக நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் (நீரி) 2004-இல் தயாரித்தது. அதே ஆண்டு டிசம்பரில் சுனாமி வந்தது. 2005 மார்ச்சில் சூழல் அனுமதி கிடைத்தது. ஜூலையில் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. வண்டல் நகர்வும் புயலும் சுனாமியும் போதிய அளவு கணக்கில் வரவில்லை என்று நிலவியலாளர்களும் கடலியலாளர்களும் எழுதினார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடி மதிப்பீட்டை முழுதாகத் திருப்பிச் செய்வதற்குள் தூர்வாரும் கப்பல்கள் வந்துவிட்டன.

அடுத்த குறை, ஒவ்வொரு திட்டத்தையும் தனியாக நிறுத்திப் பார்ப்பது. தாமிர ஆலை (2018-இல் மூடப்பட்டது), அனல் மின்நிலையங்கள், உப்பளங்கள், துறைமுக விரிவாக்கம், நகரக் கழிவுநீர் எல்லாம் ஒரே ஆழமற்ற கடலில் வந்து சேர்கின்றன. தனித்தனி அறிக்கையில் ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருக்கலாம். சிப்பி அனுபவிப்பது கூட்டுத்தொகையை. அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனத்துக்குத் திட்டக்காரரே கூலி கொடுப்பதால், அந்தக் கூட்டலைப் போட யாருக்கும் ஆர்வம் இருப்பதில்லை.

இழப்புக்கு விலை வைக்க வேண்டிய நேரத்தில் நேர்ந்ததும் தொடர் தரவு இல்லாத குறையைத்தான் காட்டுகிறது. அந்தத் தாமிர ஆலையை நடத்திய ஸ்டெர்லைட் நிறுவனத்தின் வழக்கில் 2013 ஏப்ரல் 2-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அந்தத் தொகை நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இருந்த லாபத்தை (வட்டி, தேய்மானம், வரி கழிப்பதற்கு முந்தையது) வைத்து, அதில் சுமார் 10 சதவீதம் என்ற கணக்கில் வந்தது. எத்தனை ஏக்கர் மண், எவ்வளவு நிலத்தடி நீர், எவ்வளவு கடல் கெட்டது என்ற கணக்கில் வந்ததல்ல. அப்படிக் கணக்கிடத்தக்க தொடர் தரவு நீதிமன்றத்தின் முன் இருந்திருந்தால் தொகை கூடியிருக்கலாம், குறைந்தும் இருக்கலாம்.

வெளித்துறைமுகச் சரக்குப் பெட்டக முனையத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அடுத்த கட்ட விரிவாக்கத்துக்கு அனுமதி தருமுன் செய்ய வேண்டியது புதிய வடிவத்தில் இன்னோர் அறிக்கை அல்ல. பார்கள், கடற்புல், வண்டல், உலோகச் சேர்மானம் ஆகியவற்றை இரு பருவத்திலும் ஆண்டுதோறும் அளந்து பொதுவில் வைக்கும் ஒரே அமைப்பு, திட்டக்காரரின் பணத்தை நேரடியாக வாங்காத அமைப்பு, இந்தக் கரைக்கு வேண்டும். பார்களை ஆண்டுதோறும் பார்க்கும் பழைய பணியைப் பழைய அரசு வருமானத்துக்காகச் செய்தது; இன்றைய அரசு அதைக் கடலுக்காகச் செய்ய வேண்டும்.